செப்டம்பர் விடுமுறையில் மோன் பிளாங்: அக்காவுடன் விடுதி விடுதியாக நடக்க முடியுமா?

புக்கிட் பாத்தோக் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எனக்கு வயது 46, அக்காவுக்கு 54. ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி வரும் பாதையில் நடக்கவேண்டும், ஒவ்வோர் இரவும் ஒரு மலைவிடுதியில் தங்கிவிட்டு மறுநாள் காலை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த விடுதிக்குப் புறப்படவேண்டும் என்பது எங்கள் இருவரின் நெடுநாள் ஆசை. அம்மாவைக் கவனித்துக்கொண்ட ஆண்டுகளில் அக்கா எங்கேயும் போனதில்லை. இப்போதுதான் அவருக்கென்று கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது. அதனால் இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

பயண முகவர் ஒருவரிடம் கேட்டோம். ஜூன் விடுமுறையில் ஏழே நாளில் முழுச் சுற்றையும் முடித்துவிடலாம் என்றார். 170 கிலோமீட்டரை ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, அதுவும் மலையில். அவர் சொன்ன வேகத்தைக் கேட்டதும் அக்காவின் முகம் வாடிவிட்டது. நாங்கள் ஞாயிறு காலைகளில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடப்பவர்கள். சமதரையில் பத்துக் கிலோமீட்டர் எங்களுக்குச் சிரமமில்லை. மலைப் பழக்கம் கிடையாது.

எனக்கு விடுப்பு என்றால் ஜூன் விடுமுறை, செப்டம்பரில் ஒரு வாரம், பிறகு ஆண்டிறுதி. அக்கா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சைவம், முட்டையும் தொடமாட்டார். நான் சிங்கப்பூர்க் குடிமகள், அவர் நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். வழிகாட்டி இல்லாமல் இரண்டு பெண்கள் நடக்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? குன்று என்று சொல்ல புக்கிட் தீமாவின் 163 மீட்டர் மட்டுமே இருக்கும் ஊரில் எப்படிப் பயிற்சி செய்வது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


செம்பவாங் மூத்தவர் எழுதியது:

தங்கைக்கும் உங்கள் அக்காவுக்கும் வணக்கம். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பாதையை நானும் என் மனைவியும் ஒரு கோடைக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் நடந்து வருகிறோம். மனைவி சுத்த சைவம். ஆகவே நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் எங்கள் வீட்டில் பேசித் தீர்த்த கேள்விகள்தாம்.

முகவர் சொன்ன திட்டத்தை இப்போதே கைவிடுங்கள். முழுச் சுற்றில் மொத்த ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். ஏறியதை எல்லாம் இறங்கவும் வேண்டும். நடந்து பழகியவர்களே 10 அல்லது 11 நாள் எடுத்துக்கொள்கிறார்கள். ஜூன் மாதத்தில் வேறொரு தொல்லையும் இருக்கிறது. விடுதிகள் பெரும்பாலும் ஜூன் நடுவில்தான் திறக்கின்றன. 2,500 மீட்டரை ஒட்டிய கணவாய்களில், வெயில் படாத சரிவுகளில் ஜூன் கடைசி வரையிலும் சில ஆண்டுகளில் ஜூலையிலும் பழைய பனி கிடக்கும். சரிவில் கிடக்கும் இறுகிய பனியைக் குறுக்காகக் கடப்பது பழக்கமில்லாதவர்கள் செய்யக்கூடாத வேலை. கால் நழுவினால் நிறுத்த வழியில்லை.

உங்களுக்கு உகந்தது செப்டம்பர் வாரம். 2003 முதல் ஆகஸ்ட் இறுதியையொட்டி, பாதையின் பிரெஞ்சுப் பக்கத்து ஊரான ஷாமொனியில் யூடிஎம்பி நெடுந்தூர ஓட்டப்பந்தயம் நடக்கிறது. அந்த நாள்களில் பாதையிலும் விடுதியிலும் இடம் இருக்காது. அது முடிந்ததும் கூட்டம் வடிந்துவிடும். பனி உருகியிருக்கும். இடிமழையும் ஜூலை, ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது. பகல் குறைந்திருந்தாலும் உங்கள் நடைக்கு அது போதும். விடுதிகள் பலவும் செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொன்றாக மூடும் என்பதால் மூடும் தேதியை மட்டும் விடுதிக்கு விடுதி கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

வட்டத்தை முழுமையாக்கவேண்டும் என்ற எண்ணம் வேண்டாம். நானாக இருந்தால் உங்கள் இருவரையும் இத்தாலியின் கூர்மாயூரில் தொடங்கி சுவிட்சர்லாந்தில் முடிக்கச் சொல்வேன். வெள்ளி இரவு சாங்கியில் மிலான் விமானம் ஏறினால் சனிக்கிழமை பஸ்ஸில் கூர்மாயூர் போய்ச் சேரலாம். அன்று நடை வேண்டாம், தூங்குங்கள். ஞாயிறன்று 1,220 மீட்டரிலிருந்து பெர்தோனே விடுதிக்கு, ஏறத்தாழ 1,990 மீட்டருக்கு ஏறவேண்டும். காட்டுப் பாதை, செங்குத்து, ஆனால் இரண்டரை மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். மதியத்துக்குள் விடுதி வாசலில் காலணியைக் கழற்றிவிடலாம். அந்த முதல் மாலையை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். உடம்பு மலைக்கு இசைவது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான்.

திங்கட்கிழமை நடைதான் முழுச் சுற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பெர்தோனேயிலிருந்து பொனாத்தி விடுதி வரை மலையின் இடுப்பில் ஓடும் பாதை. பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் கிராந்த் ஜோராஸ் 4,208 மீட்டர் உயரத்தில் சுவராக நின்றுகொண்டு வழி முழுவதும் கூடவே வரும். முகவர்கள் இந்தத் துண்டை அடுத்த நாளின் கணவாயோடு சேர்த்து ஒரே நாளில் அடைத்துவிடுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதே அதைப் பார்க்கத்தானே? நிதானமாக நடந்து பொனாத்தியில் தங்குங்கள். இத்தாலிய மலையேறி வால்டர் பொனாத்தியின் பெயர் தாங்கிய விடுதி, 2,025 மீட்டர். திண்ணையில் உட்கார்ந்தால் பனியாறுகள் நேரெதிரே இருக்கும்.

செவ்வாய்தான் கடினமான நாள். பொனாத்தியிலிருந்து ஆர்னூவாவுக்கு இறங்கி, எலெனா விடுதியைக் கடந்து, 2,537 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் கோல் ஃபெரே கணவாய்க்கு ஏறவேண்டும். கணவாய்தான் எல்லை. மறுபக்கம் சுவிட்சர்லாந்து. பலரும் அன்றே லா ஃபூலி கிராமம் வரை இறங்கிவிடுகிறார்கள். கணவாயிலிருந்து அது 900 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கம். காலையில் அவ்வளவு ஏறிய முட்டிக்கு இது கொடுமை. பாதி வழியில் சுமார் 2,070 மீட்டரில் லா பூல் என்ற மேய்ச்சல் நிலப் பண்ணையில் தங்கும் இடம் இருக்கிறது. அங்கேயே நின்றுவிடுங்கள். மிச்ச இறக்கத்தைப் புதன் காலையில் ஓய்ந்த காலோடு இறங்கலாம்.

புதன்கிழமை லா ஃபூலியிலிருந்து ஷாம்பே வரை கிராமங்கள் வழியாக நடக்கலாம். கால் மறுத்தால் ஓர்சியேர் வழியாகப் பஸ் இருக்கிறது. பஸ்ஸில் போவதில் குறை ஒன்றுமில்லை. வியாழக்கிழமை போவின் மேய்ச்சல் வெளி வழியாக ஃபோர்க்லா கணவாய்க்கு நடை. வெள்ளியன்று அங்கிருந்து பஸ்ஸில் மார்த்தினி, ரயிலில் லொசான் வழியாக சூரிக். சனிக்கிழமை சூரிக்கில் விமானம் ஏறினால் ஞாயிறன்று வீட்டில் இருப்பீர்கள். திங்கள் காலை வகுப்புக்குப் போகலாம்.

விசாவுக்கும் இந்தக் கணக்கே உதவும். உங்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. அக்காவுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறாரோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. மேலே சொன்ன திட்டத்தில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்றும் இத்தாலி. செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு இரவு சுவிட்சர்லாந்து. ஆகவே சுவிஸ் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்குமிடச் சான்றாக விடுதிகளின் முன்பதிவுக் கடிதங்களைக் காட்டுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். காப்புறுதி வாங்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை மலைநடை சேரும், ஹெலிகாப்டர் மீட்பு சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், நல்ல வானிலையில் தேவையில்லை. பாதை முழுவதும் அடையாளம் தீட்டியிருக்கிறார்கள், திசைப்பலகைகளில் நேரமும் போட்டிருக்கும். அந்த நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். தனியாக வரும் பெண்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். ஆனால் படுக்கை அறை ஆண் பெண் கலந்த பொது அறை என்பதை அக்காவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய்த் தெரிந்தால் அவருக்குச் சங்கடமாக இருக்கும். வரிசையாக மெத்தைகள், பக்கத்தில் யாரென்று தெரியாது. சில விடுதிகளில் இரண்டு, நான்கு பேருக்கான சிறிய அறைகள் உண்டு. அவை முதலில் தீர்ந்துவிடும். உடை மாற்றக் குளியலறைதான். சுடுநீருக்குப் பல இடங்களில் வில்லை (டோக்கன்) வாங்கவேண்டும், சில நிமிடம்தான் வரும். கம்பளி தருவார்கள். மெல்லிய பட்டு உறை ஒன்றை நீங்கள் கொண்டுபோகவேண்டும். அதற்குள் நுழைந்துகொண்டு கம்பளியைப் போர்த்திக்கொள்வது வழக்கம். இரவு பத்து மணிக்கு விளக்கை அணைப்பார்கள். விடியற்காலையில் பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரிப்பது அறை முழுவதையும் எழுப்பிவிடும். மறுநாளுக்கு வேண்டியதைப் படுக்கும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இரவு ஏழு மணிவாக்கில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு: சூப், ஒரு பெரிய உணவு, பாலாடைக்கட்டி அல்லது இனிப்பு. சைவம் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள், இரண்டு நாள் முன்னதாக மறுபடியும் நினைவூட்டுங்கள். சைவம் என்றதும் அவர்கள் கை முதலில் போவது ஆம்லெட்டுக்கு. எனவே "இறைச்சி, மீன், முட்டை மூன்றும் இல்லாமல்" என்று பிரித்துச் சொல்லவேண்டும். சூப் எலும்புச் சாற்றில் கொதித்ததா என்று கேளுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஃபொன்தினா, கிரூயேர் போன்ற அந்தப் பக்கத்துப் பாலாடைக்கட்டிகளைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளை இட்டுத்தான் உறைய வைக்கிறார்கள். என் மனைவி அதை அறிந்த நாளிலிருந்து தொடுவதில்லை. உங்கள் அக்கா எப்படி எடுத்துக்கொள்வாரோ, தெரிந்து முடிவு செய்யட்டும். பொலெந்தா என்ற சோளக் களி, பயற்றுச் சூப், தக்காளிப் பாஸ்தா, ரொட்டி, பழக்கூழ் இவற்றை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம்.

கையில் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த கடலை, பேரீச்சை எடுத்துப்போங்கள். தேக்காச் சந்தையில் எல்லாம் கிடைக்கும். சூடான பாஸ்தாவில் புளிக்காய்ச்சல் பிசைந்து என் மனைவி எத்தனையோ இரவு சாப்பிட்டிருக்கிறார். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், செடி கொடிகளுக்கும் தடை உண்டு.

கடைசியாகப் பயிற்சி. இங்கே மலை இல்லை என்று கவலைப்படாதீர்கள், வீவக அடுக்குமாடிப் புளோக்குகள் இருக்கின்றன. 25 மாடிப் புளோக்கின் படியில் தரையிலிருந்து உச்சி வரை போனால் சுமார் 70 மீட்டர். பெர்தோனே ஏற்றம் 770 மீட்டர், அதாவது பதினொரு தடவை. பெரும்பாலோர் ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்குகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நின்றால் அடங்கிவிடும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கவேண்டும், தசை கிழிந்து வலிப்பதும் முட்டி வீங்குவதும் அதனால்தான். அந்தப் பழக்கம் இறங்கினால்தான் வரும். பட்டறையில் கப்பலின் செங்குத்து ஏணிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கியவன் சொல்கிறேன், காலை வீணாக்குவது இறக்கம். முதல் மாதம் வெறுங்கையோடு, பிறகு பையில் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டு, பையின் மொத்த எடை ஏழு கிலோவைத் தாண்டாமல் இறங்கிப் பழகுங்கள். மலையிலும் பை அவ்வளவுதான் இருக்கவேண்டும். இரண்டு கைத்தடிகள் கட்டாயம்.

விடுதி முன்பதிவு இப்போதே தொடங்குங்கள். இரவு உணவும் காலை உணவும் சேர்த்து ஒருவருக்கு 60 யூரோவுக்கு மேல் ஆகும், சுவிட்சர்லாந்தில் இன்னும் கூடும். பணமாகவும் யூரோ, பிராங்க் இரண்டும் வைத்திருங்கள். ஏதாவது காரணத்தால் ஒரு விடுதிக்குப் போகவில்லை என்றால் கட்டாயம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வராதவர் வழியில் விழுந்துகிடக்கிறாரோ என்று அவர்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.


செங்காங் தாதி எழுதியது:

அண்ணன் எழுதியதில் இறக்கம் பற்றிய பகுதியை நான் இருமுறை ஆமோதிக்கிறேன். மருத்துவமனையில் பணியாற்றுகிறேன், மலைக்கும் போகிறேன், அந்தக் கண்ணோட்டத்தில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அக்கா, முதலில் பலதுறை மருந்தகத்தில் உங்கள் அக்காவின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஐந்து ஆறு மணி நேரம் ஏறி இறங்கப்போகிறார் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாத்திரை சிறுநீரைப் பெருக்கும் வகையா என்று கேளுங்கள். அப்படியானால் மலையில் உடம்பில் நீர் வற்றுவது சீக்கிரம் நடக்கும். குளிர்ந்த காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடும், தாகமும் எடுக்காது. சிங்கப்பூரில் சட்டை நனைவதைப் பார்த்துத் தண்ணீர் குடித்துப் பழகிய நமக்கு அங்கே அந்த அடையாளம் கிடைக்காது. கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கவேண்டும். மாத்திரைகளை மருத்துவர் கடிதத்தோடு கைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பெட்டியோடு அனுப்பவேண்டாம்.

காலணி. அலமாரியில் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பழைய மலைக்காலணியை நம்பி விமானம் ஏறாதீர்கள். அடிப்பகுதியின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரித்தேன். ஈரப்பதம் அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். நம் ஊர்க் காற்றில் அது இன்னும் வேகமாக நடக்கும். வெளியே புதிது போல இருக்கும், நடக்கும்போது அடி மொத்தமாகப் பிரிந்து வந்துவிடும். புதிது வாங்கினால் இரண்டு மாதமாவது படியிலும் மெக்ரிட்சியிலும் போட்டு நடந்து பதமாக்குங்கள். இறங்கும்போது கால்விரல் முன்னால் இடிக்காத அளவு வாங்கவேண்டும், மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். புறப்படும் முன் நகத்தை வெட்டுங்கள். குதிகாலில் சூடு தெரிந்த அந்த நொடியிலேயே நின்று பிளாஸ்திரி ஒட்டவேண்டும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நடந்தால் அடுத்த மூன்று நாளும் கெட்டுவிடும்.

பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் உலராது, கணவாய்க் காற்றில் உடம்பு நடுங்கிவிடும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை இரண்டு செட் போதும், இரவில் துவைத்துக்கொள்ளலாம். மழைச்சட்டை, கதகதப்பான மேல்சட்டை, கையுறை, குல்லாய், தலைவிளக்கு, காதடைப்பான். குறட்டை எல்லா நாட்டவருக்கும் பொது.


தோ பாயோ நடையர் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். உங்களுக்கு ஆண்டிறுதி விடுமுறை நீளமாக இருக்கிறதே, நேபாளத்தை ஏன் யோசிக்கவில்லை? இந்தியக் கடப்பிதழுக்கு அங்கே விசாவே வேண்டாம். உங்களுக்கு விமான நிலையத்திலேயே கொடுத்துவிடுவார்கள். நவம்பர் கடைசியில் வானம் துடைத்து வைத்திருக்கும். சைவத்துக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பருப்பும் சோறும் காய்கறியும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், அதுவும் வீட்டார் அடுப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். பல விடுதிகளில் இரண்டு பேருக்கான அறை கிடைக்கும், பொது அறைச் சங்கடமும் இல்லை. செலவும் ஆல்ப்ஸில் ஆவதைவிட மிகக் குறைவு.

அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர். அக்காவுக்கு அந்த உயரம் வேண்டாம் என்றால் கோரேபானி, பூன் ஹில், காந்துருக் என்று நான்கைந்து நாளில் ஒரு சுற்று உண்டு. பூன் ஹில் 3,210 மீட்டர்தான். விடியற்காலையில் அங்கே நின்றால் தவளகிரியும் அன்னபூர்ணாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளி ஏறுவதைப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போகவேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. முதல்முறை போகிற இருவருக்கு அது நல்லதே. பையைச் சுமக்கவும் ஆள் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணம் ஊர்க் குடும்பங்களுக்கே போய்ச் சேர்கிறது.


செம்பவாங் மூத்தவர் எழுதியது:

தம்பி சொன்னது நியாயமான யோசனை. பூன் ஹில் சுற்றை நானும் மனதாரப் பரிந்துரைப்பேன். சாப்பாடு, விசா, செலவு மூன்றிலும் நேபாளம் மேல்.

ஆனால் உயரத்தை வேறாகப் பார்க்கவேண்டும். கடல்மட்டத்தில் வாழும் நமக்கு எண்ணவேண்டியது எந்த உயரத்தைத் தொட்டோம் என்பதைவிட எந்த உயரத்தில் தூங்கினோம் என்பது. 3,000 மீட்டருக்கு மேல் போனால் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அடிவார முகாமுக்கு அவசரமாகப் போகிறவர்கள் இதை மீறுகிறார்கள். நம் பக்கத்திலேயே, மலேசியாவின் கினபாலு மலையைப் பாருங்கள். திம்போஹோன் வாசல் 1,866 மீட்டர், அன்றிரவே தூங்குவது பனலாபானில் 3,272 மீட்டர். தலைவலியும் வாந்தியுமாக இரவைக் கழிப்பவர் பலர். இங்கிருந்து வார இறுதியில் போகிறவர்கள் அதைச் சிறிய மலையாக நினைப்பது எனக்கு ஒப்பவில்லை.

நான் சொன்ன பாதையில் எந்த இரவும் 2,100 மீட்டரைத் தாண்டாது. 2,537 மீட்டரில் கணவாயைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் மேலே இருப்பீர்கள். இரத்த அழுத்தம் உள்ள ஒருவரின் முதல் மலைநடைக்கு அந்த வேறுபாடு பெரியது.


புக்கிட் பாத்தோக் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு எல்லாவற்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கலந்த பொது அறை என்றதும் சற்று யோசித்தார். "ஆஸ்பத்திரி வார்டில் அம்மாவோடு எத்தனை இரவு இருந்தேன், இது என்ன" என்று சொல்லிவிட்டார். பாலாடைக்கட்டி வேண்டாமாம், புளிக்காய்ச்சலைத் தானே கிண்டிக்கொள்கிறாராம். செப்டம்பர் என்று முடிவு செய்திருக்கிறோம். பூன் ஹில்லை ஆண்டிறுதிக்கு வைத்துக்கொள்ள ஆசை, விடுப்பும் பணமும் ஒத்துவரவேண்டும். எங்கள் புளோக் 16 மாடி. இன்று மாலை மூன்று தடவை ஏறி இறங்கினோம், மின்தூக்கியைத் தொடவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. விமான டிக்கெட்டை முதலில் வாங்குவதா, விடுதிகளையா? செவ்வாயன்று கணவாயில் வானிலை மோசமாக இருந்தால் என்ன செய்வது? ஷாமொனிக்கும் கூர்மாயூருக்கும் இடையே மலையைக் குடைந்து சுரங்கம் இருக்கிறது, பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று ஓரிடத்தில் படித்தேன்.


செம்பவாங் மூத்தவர் எழுதியது:

விடுதிகளை முதலில் பிடியுங்கள். பொனாத்தி, லா பூல் இரண்டும் கிடைத்த தேதியை வைத்து மற்ற இரவுகளை அமைத்துக்கொள்ளலாம். அவை கிடைக்காமல் டிக்கெட் வாங்கிப் பயனில்லை. பொனாத்தி நிரம்பியிருந்தால் எலெனாவைக் கேளுங்கள். அப்போது திங்கள் நடை நீளும், செவ்வாய் நடை குறையும். விசா கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்புமா, எத்தனை நாள் முன்பு ரத்து செய்யவேண்டும் என்று ஒவ்வொரு விடுதியிடமும் மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டையும் தேதி மாற்றக்கூடிய வகையில் வாங்குங்கள்.

சுரங்கத்தை நம்பவேண்டாம். 1965இல் திறந்த மோன் பிளாங் சுரங்கம் 11.6 கி.மீ. நீளம். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை பராமரிப்புக்காக மூடிவிட்டார்கள். நீங்கள் போகும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை ஜெனீவா வழியாக அனுப்பாமல் மிலான் வழியாக வரச் சொன்னதற்கும் இதுதான் காரணம். மிலான் பஸ் அவோஸ்தா பள்ளத்தாக்கு வழியாக வருகிறது, சுரங்கத்தின் பக்கமே போகவேண்டியதில்லை.

வானிலை பற்றித் திங்கள் மாலையே பொனாத்தி பொறுப்பாளரிடம் கேளுங்கள். அவர்கள் தினமும் முன்னறிவிப்பை ஒட்டிவைப்பார்கள், அவர்கள் போகாதே என்றால் போகக்கூடாது. பிற்பகலில் இடி என்றால் ஆறரை மணிக்கே புறப்பட்டு நண்பகலுக்கு முன் கணவாயைத் தாண்டிவிடவேண்டும். நாள் முழுவதும் மோசம் என்றால் ஆர்னூவாவுக்கு இறங்கி, வால் ஃபெரே பள்ளத்தாக்கின் கோடைப் பஸ்ஸில் கூர்மாயூருக்குத் திரும்புங்கள். அங்கிருந்து அவோஸ்தா போய் கிரேட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கம் வழியாக மார்த்தினி, பிறகு ஓர்சியேர் வழியாக ஷாம்பே. இரண்டு பஸ்களின் செப்டம்பர் நேர அட்டவணையையும் புறப்படும் முன்பே அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். பள்ளத்தாக்கில் எல்லா இடத்திலும் கைப்பேசி எடுக்காது. லா பூலுக்குத் தொலைபேசியில் சொல்ல மறக்கவேண்டாம்.